ஈரலை வாளியில் மறைக்காதீர்கள்: நெல்லைச் சீமைக் கறிக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் பாய்மாருக்கும்,

சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டை வரை கால்வாய்க் கரையிலும் ரோட்டோரத்திலும் கறிக்கடை வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். 31 வருடம் பிறருடைய ரத்தத்தையும் சளியையும் மலத்தையும் பார்த்துப் பிழைத்தவன் நான். ஆய்வக நுட்புநர் என்று வேலைக்குப் பெயர். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. உங்கள் தொழிலும் என் தொழிலும் ஒருவகையில் பங்காளிகள்தாம். நீங்கள் கத்தியால் திறந்து பார்க்கிறீர்கள், நான் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்தேன். வெளியே தெரியாத ஒன்றை முதலில் காண்கிற கண் நம் இருவருடையது.

போன ஆவணியில் ஒரு காணொளி ஊரெல்லாம் கைபேசியில் சுற்றியது. பலகையில் ஓர் ஆட்டு ஈரல். யாரோ கத்தி முனையால் அதன் குழாயைக் கீறுகிறார். உள்ளேயிருந்து பழுத்த இலை போல ஒன்று நெளிந்து வருகிறது. ‘ஈரல் தின்றால் கேன்சர்’ என்று பின்னால் ஒரு குரல் அலறுகிறது. இரண்டு ஞாயிறு உங்களில் பலருக்கு ஈரல் விற்கவில்லை. மூன்றாம் ஞாயிறு விடியற்காலையில் நான் வாடிக்கையாக வாங்கும் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணாச்சி உரித்துத் தொங்கவிட்ட செம்மறியின் வயிற்றைத் திறந்தார். ஈரலை எடுத்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். முகம் மாறியது. ஒரு வார்த்தை பேசாமல் அதைப் பித்தப்பையோடும் குடலோடும் வாளியில் போட்டார். கடைப்பையன் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். பின்பக்கம் கால்வாய். தொப்பென்று சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம்தான் என்னை இதை எழுத வைத்தது.

முதலில் காணொளிக்காரரின் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். ஈரலில் தங்கும் தட்டைப்புழுக்கள் பல சாதி. பித்தக்குழாயில் புற்றுநோயைக் கொண்டுவருபவையாக உறுதிப்பட்டவை இரண்டு. ஒன்று வடகிழக்குத் தாய்லாந்திலும் லாவோஸிலும் உண்டு. மற்றொன்று சீனாவிலும் கொரியாவிலும் வியட்நாமிலும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை தாய்லாந்துப் புழுவை 1994-லும் சீனப் புழுவை 2009-லும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று தீர்மானித்தது. இவை இரண்டும் ஆட்டிலிருந்து வருபவை அல்ல, ஆற்று மீனிலிருந்து வருபவை. அதுவும் வேகாத மீனிலிருந்து. ஈசான் என்று அழைக்கப்படும் அந்தத் தாய்லாந்துப் பகுதியில் கெண்டை இனத்துச் சிறுமீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் கலந்து உண்பார்கள். புழு பித்தக்குழாயில் வருடக்கணக்காகக் குடியிருந்து சுவரை அரித்து அரித்து, கடைசியில் அங்கே புற்று வைக்கிறது. உலகத்திலேயே பித்தக்குழாய்ப் புற்றுநோய் மிக அதிகமாக உள்ள இடங்களில் ஒன்று கோன் கேன் மாகாணம். நம் வீட்டிலோ குளத்துக் கெண்டையும் கெளுத்தியும் புளித்தண்ணீரில் தளதளவென்று கொதிக்காமல் அடுப்பை விட்டு இறங்குவதில்லை. அந்த விஷயத்தில் நம் பாட்டிமார்களின் மீன்குழம்புக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

உங்கள் கத்திக்குத் தட்டுப்படுவது வேறு புழு. பாசியோலா என்பது அதன் அறிவியல் பெயர். நம் பக்கத்துச் சமவெளிகளில் பெரும்பாலும் இருப்பது அதில் நீளமான வகை, ஏழரை சென்டிமீட்டர் வரை வளரும். அளவிலும் வடிவிலும் ஒரு வேப்பிலைதான். அது புற்றுநோய் உண்டாக்குவதாக அந்த முகமையின் பட்டியலில் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன், கடையில் எழுதியே மாட்டிவையுங்கள்: புழு இருந்த ஈரலை வேகவைத்துத் தின்றவருக்கு அந்தப் புழு ஒட்டாது. ஈரலில் இருப்பது வளர்ந்த புழு. அதற்கு இன்னொரு வயிற்றில் குடியேறும் வழி தெரியாது. அருவருப்பாக இருக்கிறது என்று ஒதுக்குவது வேறு, நோய் வரும் என்று ஒதுக்குவது வேறு.

அப்படியானால் ஒட்டுவது எப்படி? அங்கேதான் உங்கள் வாளி வருகிறது.

ஒரு புழு ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டை பித்தத்தோடு இறங்கிக் குடலுக்கு வந்து புழுக்கையோடு வெளியேறும். காய்ந்த தரையில் விழுந்தால் அதோடு சரி. தண்ணீரில் விழுந்தால் நம் வெயிலுக்கு இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சுக்கு ஒரு நாள்தான் ஆயுள். அதற்குள் நத்தை கிடைக்க வேண்டும். வயல் நத்தை எல்லாம் ஆகாது. வாய்க்கால் ஓரத்தில் பாசியோடு ஒட்டிக் கிடக்குமே, விரல் நகத்தால் நசுக்கினாலே நொறுங்கும் மெல்லிய ஓட்டோடு, அந்தக் குளத்து நத்தை வேண்டும். மேலப்பாளையம் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது போல, ஆட்டுக்கும் மனிதனுக்கும் நடுவே இந்த நத்தைதான் தரகு. ஒன்றாக நுழைந்தது ஓரிரு மாதத்தில் நூற்றுக்கணக்காகப் பெருகி வெளியே வருகிறது. வந்தவை நீந்திப்போய்த் தண்ணீரில் நனைந்து நிற்கும் புல்லிலும் கீரையிலும் ஒட்டி, மேலே ஓடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தப் புல்லை ஆடு மேய்ந்தால் ஆட்டுக்கு. அந்தக் கீரையை மனிதன் பச்சையாகத் தின்றால் மனிதனுக்கு.

உங்கள் வாளியில் போன பித்தப்பைக்குள் எவ்வளவு முட்டை இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதைத் தண்ணீரில் போடுவது விதைநெல்லை நாற்றங்காலில் தெளிப்பது போன்றதுதான்.

இனி என் வீட்டுக் கதை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனாலும் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்குத் தகுதி இல்லை.

எங்கள் ஊர் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். என் மதினி, அண்ணன் மனைவி, காலையில் வயலுக்குப் போனால் வரப்பில் ஐந்தாறு வல்லாரை இலை கிள்ளி, வாய்க்கால் தண்ணீரிலேயே அலசி வாயில் போட்டுக்கொள்வார். ஞாபக சக்திக்கு நல்லது என்று யாரோ சொன்னதிலிருந்து பழக்கம். ஒரு மார்கழியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு மூன்று வாரம். வலது விலாவுக்குக் கீழே குத்துகிறது என்றார். நான்தான் ரத்தம் எடுத்தேன், நான்தான் பார்த்தேன். வெள்ளையணுக்களில் ஒரு வகையான ஈசனோபில் நூற்றுக்கு 6-க்குள் இருக்க வேண்டியவை 48 இருந்தன. நம் ஊரில் ஈசனோபீலியா என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்: இளைப்பு, சளி, தூசி. ‘மதினி, ஈசனோபீலியாதான், பயப்படாதீர்கள்’ என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கு இருமலே இல்லை. அதை நான் கேட்கவும் இல்லை.

அந்த மூன்று வாரமும் குஞ்சுப் புழுக்கள் அவருடைய ஈரலைத் தின்று சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தன என்று பிறகு தெரிந்தது. குடலில் ஓடு உடைத்து, குடல் சுவரைத் துளைத்து, ஈரலின் மேல்தோலைக் கிழித்து உள்ளே போய், ஆறேழு வாரம் அலைந்து பித்தக்குழாயை அடைகிறது. அதுவரைக்கும் மலத்தில் தேடினால் முட்டை கிடைக்காது. முட்டையிடவே தொற்றிய நாளிலிருந்து மூன்று நான்கு மாதம் ஆகும். அந்தக் கட்டத்தில் ஏறியிருக்கும் ஈசனோபில்தான் முதல் துப்பு. துப்பு என் கையில் இருந்தது.

காய்ச்சல் தானாக இறங்கியது. வைகாசியில் கண் மஞ்சளித்தது. உடம்பெல்லாம் அரிப்பு, மலம் சாம்பல் நிறம். காமாலைக்கு நம் ஊரில் என்ன செய்வோம்? கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கொடுப்போம், கரிசலாங்கண்ணியைப் பச்சையாக மெல்லச் சொல்வோம். அண்ணன் எங்கே போய்ப் பிடுங்கினார் தெரியுமா? அதே வரப்பில். நோய் வந்த இடத்திலேயே மருந்தையும் பறித்து வந்து, அதையும் பச்சையாகவே கொடுத்தோம். மூலிகையைக் குறை சொல்லவில்லை. எங்கே முளைத்தது, எந்தத் தண்ணீரில் நனைந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. அலசினால் அந்த ஓட்டுக்குஞ்சு போகாது; கொதித்தால் செத்துவிடும். பருப்போடு கடைந்த கீரைக்கும் வதக்கி அரைத்த வல்லாரைத் துவையலுக்கும் இந்தப் பயம் கிடையாது.

பிறகு ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தக்குழாயில் ஏதோ அடைத்திருக்கிறது, கல்லாக இருக்கலாம், ஆனால் கல்லுக்கு விழ வேண்டிய நிழல் விழவில்லை என்றார்கள். மதுரையில் வாய் வழியாகக் குழாய் விட்டுத் துழாவினார்கள். வெளியே வந்ததை ஒரு சிறிய எஃகுத் தட்டில் வைத்து எங்களுக்குக் காட்டினார்கள். வாடி ஓரம் சுருண்ட ஒரு வேப்பிலை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நுனி மெதுவாகச் சுருங்கி நீண்டது. அண்ணன் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் பூச்சி பார்த்தவன். இதை ஒரு மனித உடம்பிலிருந்து வந்து பார்த்தது அன்றுதான்.

இதற்கு மருந்து டிரைகிளாபெண்டசோல். உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம், பெரும்பாலும் ஒரே வேளை. மற்றத் தட்டைப்புழுக்களுக்கெல்லாம் கேட்கும் பிராசிகுவாண்டல் இதற்குக் கேட்காது. ஊர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரையும் அல்ல. எங்களுக்கு அது கைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. ஆட்டுக்குக் கொடுக்கும் அதே பெயர் மருந்தைக் கொடுத்தால் என்ன என்று உறவினர் ஒருவர் கேட்டார். அந்தத் தவறை யாரும் செய்துவிடாதீர்கள். மதினி இப்போது நன்றாக இருக்கிறார். வல்லாரை பக்கமே போவதில்லை. அதுவும் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கமாட்டார்.

இங்கே உங்கள் ஈரலுக்கும் ஒரு வேடம் உண்டு. மதினிக்கு உறுதியானதும் வீட்டில் எல்லோருடைய மலத்தையும் பரிசோதித்தேன். அண்ணனுடையதில் முட்டை இருந்தது. பெரிய, மஞ்சள் படிந்த, ஒரு பக்கம் மூடி வைத்த முட்டை. எனக்குக் கை நடுங்கியது. அப்புறம்தான் நினைவு வந்து கேட்டேன்: ‘ஞாயிற்றுக்கிழமை ஈரல் சாப்பிட்டீர்களா?’ சாப்பிட்டிருந்தார். ஆட்டின் ஈரலில் இருந்த முட்டை, வெந்த பிறகும் வடிவம் மாறாமல், அவர் வயிற்றைக் கடந்து வந்திருக்கலாம். ஒரு வாரம் ஈரலே வேண்டாம் என்று சொல்லி, மறுபடியும் இரண்டு தடவை பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவருக்கு நோய் இல்லை, கறிக்கடை முட்டைதான். ஆய்வகத் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், இந்தக் கேள்வியைக் கேட்க மறக்காதீர்கள். அதே மூச்சில் இன்னொரு கேள்வியும்: ‘பச்சைக் கீரை, வரப்புக் கீரை தின்பதுண்டா?’

இந்தியாவில் மனிதர்களிடம் இந்த நோய் ஆங்காங்கே ஒன்றிரண்டாகத்தான் பதிவாகியிருக்கிறது. உலக அளவில் குறைந்தது 24 லட்சம் பேர், 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம்மிடம் அரிதாக இருப்பதால் அரிதா, தேடாததால் அரிதா? இருமல் இல்லாத ஒருத்திக்கு ஈசனோபீலியா என்று சீட்டு எழுதிய என்னைப் போல இன்னும் எத்தனை பேர் இருக்கிறோம் என்ற யோசனை எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஆட்டில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மனிதனில் எங்கே தேடுவது என்று தெரியும். ஆட்டில் எங்கே இருக்கிறது என்பதைத் தினமும் காண்பவர்கள் நீங்கள்.

ஒரு பழைய சங்கதி. நான் மேலே சொன்ன சீனப் புழுவை உலகத்தில் முதன்முதலாகக் கண்டது சீனாவில் அல்ல, நம் கல்கத்தாவில். 1874-ல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்துபோன ஒரு சீனத் தச்சரின் உடலை மெக்கனல் என்ற மருத்துவர் அறுத்துப் பார்த்தார். பித்தக்குழாய்களில் புழுக்கள் அடைத்திருந்தன. வாளியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவியிருக்கலாம். அளந்தார், வரைந்தார், மறுவருடம் எழுதி அச்சில் கொண்டுவந்தார். அறுத்தவர் எழுதினார் என்பதால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

உங்களிடம் நான் கேட்பதும் அதுதான். ஒரு நோட்டு. பள்ளிப் பிள்ளைகளின் 40 பக்க நோட்டு போதும். ஈரலில் இலைப்பூச்சி கண்டால், அல்லது குழாய் தடித்துக் கயிறு போல வெளியே புடைத்திருந்தால், தேதி போட்டு ஒரு வரி. மாட்டுக்கறிக் கடை பாய்மாருக்கு இன்னும் சுலபம். மாட்டு ஈரலில் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கத்திக்குக் கரகரவென்று மண் கடிபடும். அந்தச் சத்தமே போதும், எழுதிவிடலாம். ‘எந்த ஊர் ஆடு’ என்று எழுதினால் பாதிதான் ஆயிற்று. விற்க வந்த கோனாரிடம் இன்னொன்று கேளுங்கள்: ‘கடைசி நாலைந்து மாதம் கிடை எங்கே கிடந்தது?’ கீழக்கரிசல் ஆடும் வேம்பூர்ப் பொட்டு ஆடும் கரிசல் காட்டிலேயே மேயும்வரை இந்தப் புழுவுக்கு அங்கே வேலை குறைவு. தண்ணீர் இல்லாமல் நத்தை இல்லை. பிசான நெல் அறுத்த தாளடியில் கிடை மறிக்க ஆற்றுப் பாசனத்துக்குள் மந்தை இறங்குகிறதே, வாய்க்கால் ஓரத்துப் பச்சையில் வாய் வைப்பது அப்போதுதான். மாசி பங்குனியில் வாய் வைத்தது குழாய்க்குள் வளர்ந்து நிற்க நான்கு மாதம் வரை ஆகும். அதாவது ஆனி, ஆடி. என் கணக்கு சரியென்றால் ஆடியில் கோயில் கொடைக்கு வெட்டும் உருப்படிகளில்தான் நீங்கள் அதிகம் காண வேண்டும். என் கணக்கு தப்பென்றால் அதையும் உங்கள் நோட்டுதான் சொல்ல வேண்டும்.

கோனாரிடம் கேட்டதோடு நிற்காமல் சொல்லியும் அனுப்புங்கள். மந்தையில் பாதிக்குப் பூச்சி இருந்தாலும் வெளியே தெரிவது மெலிவும், முற்றினால் தாடைக்குக் கீழே தொங்கும் வீக்கமும்தான். அவர் ஆட்டின் உள்ளே பார்த்ததில்லை. வருடா வருடம் பூச்சி மருந்து ஊற்றுகிறேனே என்பார். எல்லாப் பூச்சி மருந்தும் இந்தப் புழுவுக்குக் கேட்காது. சில மருந்து வளர்ந்ததை மட்டும் கொல்லும், குஞ்சை விட்டுவிடும். எந்த மருந்து, எந்த மாதம் என்பதைக் கால்நடை மருந்தகத்தில் கேட்கச் சொல்லுங்கள். நான் சொன்னால் அவர் நம்பமாட்டார். அவர் ஆட்டுக்கு விலை குறைத்துக் கொடுக்கும் நீங்கள் சொன்னால் நம்புவார்.

நோட்டு எங்கே போக வேண்டும் என்பதும் தெளிவாக இருக்கட்டும். ஆற்றுக்கு மேற்கே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிழக்கே ஹைகிரவுண்டில் மனிதருக்கான மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒன்று ஆட்டைப் பார்க்கும், மற்றொன்று ஆட்டுக்காரரைப் பார்க்கும். இரண்டு இடத்திலும் உங்கள் நோட்டின் நகலைக் கொண்டுபோய் நானே கொடுக்கிறேன். கடைப் பெயரைக் கிழித்துவிட்டுத்தான் நகல் எடுப்பேன். எனக்கு வேண்டியது கிடை கிடந்த ஊரும் மாதமும்.

வாளி விஷயம் கடைசி. கெட்ட ஈரலும் பித்தப்பையும் தண்ணீருக்குப் போக வேண்டாம். முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி, மேலே சுண்ணாம்பு, மேலே மண். இடம் இல்லாத கடைக்காரர்கள் ஒரு பழைய அலுமினியச் சட்டியில் கொதிக்கவிட்டுக் குப்பை வண்டியில் கொடுங்கள். குடலைக் கால்வாயில் இறங்கி அலசும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முட்டை அங்கேயும் இருக்கிறது. சிரமம்தான், தண்ணீர் சுமக்க வேண்டும், எனக்குத் தெரியும்.

என் வாடிக்கைக் கடை அண்ணாச்சிக்குத் தனியாக ஒரு வரி: நோட்டும் பேனாவும் நான் வாங்கி வைத்துவிட்டேன். ஞாயிறு ஐந்தரைக்கு வருகிறேன். அரைக் கிலோ தொடைக்கறி, கால் கிலோ ஈரல். சுவரொட்டி இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
கன்னடியன் கால்வாய்ப் பாசனத்து ஊர்க்காரன் ஒருவன்,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்புநர்